தூதுவளை, கண்டங்கத்திரி, சுண்டை: எதற்கு எது, எதில் கவனம்?

மூன்றும் கத்தரிக் குடும்பத்து முட்செடிகள். ‘சளிக்கு நல்லது’ என்று மூன்றையும் ஒரே கூடையில் போடுவதுதான் தொல்லை.

இருமல், இரைப்புக்கு முதல் இரண்டும்தான். 1999இல் வெளியான ஓர் ஆய்வில், லேசான, நடுத்தர ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இவற்றின் பொடியை 300 மில்லிகிராம் கொடுத்தார்கள்; மூச்சு விடும் திறன் கூடியது. ஆனால் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தான சால்பியூட்டமால் 4 மில்லிகிராம் தந்த பலன் அளவுக்கு இல்லை. ஆகவே இதை நம்பி இன்ஹேலரை நிறுத்தக்கூடாது.

வீட்டு வைத்தியத்துக்குத் தோதானது தூதுவளை. ஒரு கைப்பிடி இலை போதும். இலையின் அடிநரம்பில் கொக்கி போல வளைந்த முள் இருக்கும். கத்தரிக்கோலால் அதை நறுக்கிவிட்டு, நெய்யில் சுருள வதக்கி அரைக்க வேண்டும். முள்ளோடு அரைத்தால் தொண்டையில் உறுத்தும். கண்டங்கத்திரியைச் சமூலமாக, அதாவது வேரோடு முழுச்செடியாகக் கஷாயம் வைப்பதால் சரக்கின் வீரியம் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல் இராது. சித்த மருத்துவர் அளந்து கொடுத்தாலொழிய வேண்டாம். கர்ப்பிணிகள் இரண்டின் கஷாயத்தையும் தாமாகக் குடிக்கக்கூடாது.

சுண்டைக்காய் வயிற்றுக்கு. கழிச்சலுக்கு மோரில் கலந்து கொடுக்கும் சுண்டை வற்றல் சூரணத்தில் ஓமம், மாங்கொட்டைப் பருப்பு, மாதுளை ஓடு எல்லாம் சேரும். வெறும் வற்றலை வறுத்துத் தின்பது அதற்கு ஈடாகாது. இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு வற்றலின் உப்பே பகை.

தினமும் சமைக்கிற காய்தானே என்று சுண்டையில் அசட்டையாக இருப்பவர்கள் அதிகம். ஜமைக்காவில் ‘சுசம்பர்’ எனப்படும் இதே காயைத் தின்றவர்களுக்கு நாக்குழறலும் தள்ளாட்டமும் வந்து, பக்கவாதமோ என்று சந்தேகிக்கும்படி ஆனதுண்டு. 2008இல் வெளியான ஆய்வு, நஞ்சான காய்களில் சொலாசோனின், சொலமார்ஜின் என்ற கிளைக்கோஆல்கலாய்டுகள் இருந்ததைக் காட்டியது. இந்த வகை நஞ்சு சமையல் சூட்டில் அழியாது. காயைத் தட்டி, விதை போகத் தண்ணீரில் அலசினால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வழக்கத்தைவிட அதிகமாகக் கசக்கும் காயைக் கொட்டிவிடுங்கள்.

காட்டில் பறிப்பவர்கள் செடியைப் பார்த்துப் பறிக்க வேண்டும். சுண்டைக்கு வெள்ளைப் பூ, தண்டில் ஆங்காங்கே முள், வழவழப்பான பச்சைக்காய். முள்ளே இல்லாமல், இளங்காயில் சுணை படர்ந்த புதர் வேறு இனம், அதைத் தொடவேண்டாம்.

தின்றபின் வாந்தி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல் வந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மீந்த காயையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.