பிளஸ் டூ வேதியியலுக்கு ஒரு கல்லூரிப் புத்தகம்: ஓபன்ஸ்டாக்ஸ் 'கெமிஸ்ட்ரி 2இ'

வீட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். "காலேஜ் புக் ஏதாவது வாங்கிக் கொடுக்கலாமா மேடம்?" என்று கேட்கும் பெற்றோரிடம் நான் சொல்வது ஓபன்ஸ்டாக்ஸின் 'கெமிஸ்ட்ரி 2இ', அதாவது இரண்டாம் பதிப்பு. அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் திட்டம் அது. அங்கே கல்லூரி முதலாண்டு மாணவர்கள் படிப்பது. வாங்கவே வேண்டாம், பிடிஎஃப் இலவசம். அவர்களே அனுமதித்துத் தருவது, திருட்டு நகல் இல்லை.

மொத்தம் 21 அத்தியாயம். பிளஸ் டூ பிள்ளைக்கு 12 முதல் 17 வரை போதும்: வேகவியல் (வினை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பது), சமநிலை, அமில-காரம், கரைதிறன் போன்ற பிற சமநிலைகள், வெப்ப இயக்கவியல், மின்வேதியியல். இந்த ஆறுக்காகத்தான் இந்தப் புத்தகமே.

வேகவியலைப் பாருங்கள். நம் பிள்ளைகள் அரை ஆயுட்கால (செறிவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) வாய்ப்பாட்டை ஒப்பிப்பார்கள். அது எதைச் சொல்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள். இதில் முதலிலேயே ஹைட்ரஜன் பெராக்சைடு சிதைவதன் அட்டவணை இருக்கிறது. தொடக்கத்தில் செறிவு 1.000, 6 மணி நேரத்தில் 0.500, 12-இல் 0.250, 18-இல் 0.125. வாய்ப்பாடு வருவதற்கு முன்பே, 'ஒவ்வொரு ஆறு மணி நேரத்துக்கும் பாதியாகுது மேடம்' என்று பிள்ளையே சொல்லிவிடும். அதே அட்டவணையில் வினைவேகம் குறைந்துகொண்டே போவதும் தெரியும். முதல்வகை வினை (செறிவு குறையும் அதே விகிதத்தில் வேகமும் குறைவது) என்றால் என்ன என்று அதற்குப் பிறகு நான் தனியாக விளக்க வேண்டியதே இல்லை.

சமநிலையும் அப்படித்தான். தொடக்கச் செறிவு, மாற்றம், சமநிலைச் செறிவு என்று மூன்று வரிசை போட்டுக் கணக்கு செய்யும் பழக்கத்தை இந்தப் புத்தகம் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள்கிறது. வீக் ஆசிட், தாங்கல் கரைசல், கரைதிறன் பெருக்கம் எல்லாம் அந்த ஒரே முறையில் வந்து விழுகின்றன. அயனிச் சமநிலை என்றாலே பயப்படும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்க்கவில்லை.

ஆனால் கரிம வேதியியலுக்கு இதைத் தொடவே வேண்டாம். ஒரே அத்தியாயம், அதுவும் மேலோட்டம். நம் பாடநூலில் ஆல்கஹால், கார்போனைல், நைட்ரஜன் சேர்மங்கள் என்று தனித்தனி அலகே இருக்கிறது. பெயரிடும் முறையும் வேறு: நாம் பியூட்-2-ஈன் என்று எழுதுவதை அவர்கள் 2-பியூட்டீன் என்பார்கள். பரீட்சை நேரத்தில் அந்தக் குழப்பம் எதற்கு?

கணக்குகள் கால்குலேட்டரை நம்பிப் போட்டவை. பொதுத்தேர்வில் லாக் டேபிள்தான் என்பதால், என் பிள்ளைகளை வீட்டிலும் லாக் டேபிளோடு உட்காரச் சொல்வேன். மின்கலத்தின் மின்னழுத்தம் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் வரும் எண் நமக்கு 0.0591, அங்கே 0.0592, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் விடை ஒத்துவரவில்லை என்று இரவு முழுக்க உட்கார்ந்திருப்பார்கள்.

தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் முதலில் கொஞ்சம் இடிக்கும். ஜெராக்ஸ் எடுத்த தாளின் ஓரத்தில் நம் கலைச்சொற்களை எழுதிக் கொடுக்கிறேன். ஒரு அத்தியாயம் தாண்டினால் பழகிவிடுகிறது.

பள்ளிப் புத்தகத்தில் அலகை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள், முன்னால் வேண்டாம். அத்தியாயக் கடைசிக் கணக்குகளில் ஒற்றைப்படை எண்ணுள்ளவற்றைப் போடச் சொல்லுங்கள், அவற்றுக்கு மட்டும்தான் பின்னால் விடை இருக்கிறது.