யெஸ்டி வைத்திருப்பவர்களுக்கு: டயல் கேஜ் இல்லாத பட்டறையில் கிராங்க்கைக் கொடுக்காதீர்கள்

அப்பாவின் யெஸ்டி 250 வண்டியில், பிஸ்டனை கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு ஆட்டம் கண்டிருந்தது. புது ராடு கிட் போட்டு, பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டின் கோட்டத்தை எடுத்துத் தருவதாகச் சொன்ன ஒரு பட்டறை முழுப் பணத்தையும் முன்னதாகவே வாங்கிக்கொண்டது. ரசீதில் 'கிராங்க் அலைன்மென்ட்' என்று தனித் தொகையே போட்டிருக்கிறார்கள். அந்த வேலையை அவர்கள் செய்யவில்லை.

வண்டி ஓடத் தொடங்கியதுமே கைப்பிடியில் கடுமையான அதிர்வு. பிறகு வெள்ளைப் புகை. கியர்பாக்ஸ் ஆயில் குறைந்துகொண்டே வந்தது. கேட்டதற்கு, "பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி சார், புகை வரத்தான் செய்யும்" என்றார் பட்டறைக்காரர். இது பொய். இந்த இன்ஜினில் இடப்பக்கத்து பிரைமரி செயின் ஆயிலில் ஓடுகிறது. கிராங்க் கோணலாகச் சுற்றினால் அந்தப் பக்கத்து ஆயில் சீல் தேய்ந்து, இன்ஜின் அந்த ஆயிலை உள்ளே இழுத்து எரிக்கும். பேரிங்குகளும் சீக்கிரம் போய்விடும்.

வேறொரு மெக்கானிக் என் கண்ணெதிரே இன்ஜினைப் பிரித்தார். பேரிங் உட்காரும் இடங்களை வி-பிளாக்கில் ('V' வடிவப் பள்ளம் உள்ள தாங்கி) தாங்கி, ஷாஃப்டின் இரு முனைகளிலும் நுண்ணிய கோணலையும் முள்ளில் காட்டும் டயல் கேஜ் வைத்துச் சுற்றினார். 0.03 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டிய முள் 0.2-ஐத் தொட்டது. ஷாஃப்ட் முனையில் இரும்புச் சுத்தியல் பட்ட தழும்புகள். அதைவிடக் கொடுமை, கிராங்க்கின் இரு பாதிச் சக்கரங்களையும் இணைக்கும் கிராங்க் பின் தளர்ந்திருந்ததால் அதை வெல்டிங் வைத்துப் பிடித்திருந்தார்கள். அந்தப் பின் இறுக்கமாக உட்காரவில்லை என்றால் சக்கரத்தில் அது நுழையும் துளை தேய்ந்துவிட்டது என்று பொருள். அதைச் சொல்லியிருக்க வேண்டும். யெஸ்டி தயாரித்த மைசூர் ஆலை 1996-லேயே மூடிவிட்டது. நல்ல கிராங்க் பாதிகளுக்கு இப்போது பழைய இன்ஜின்களைத்தான் தேடிப் போக வேண்டும். என்னிடமிருந்த ஒரே ஜோடியை இவர்கள் கெடுத்துவிட்டார்கள்.

முறையான வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். முதலில் அளக்க வேண்டும். கிராங்க்கின் இரு சக்கரங்களும் பின்னைச் சுற்றி ஒன்றுக்கொன்று திருகியிருந்தால், மேடான பக்கத்துச் சக்கரத்தின் விளிம்பில் செம்புச் சுத்தியலால் தட்டுவார்கள். ஷாஃப்ட் முனையில் ஒருபோதும் தட்டமாட்டார்கள். சக்கரங்கள் ஒருபுறம் நெருங்கியிருந்தால் இடையில் ஆப்பு வைத்து விரிப்பார்கள். விரிந்திருந்தால் வைஸில் நெருக்குவார்கள். ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் மறுபடி அளவு. அவசரப்படுபவரால் ஆகிற காரியமல்ல இது.

ஆகவே பிரிப்பதற்கு முன்பும் சேர்த்த பின்பும் டயல் கேஜ் அளவை உங்கள் முன்னிலையில் எடுத்து ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ராடையும் பின்னையும் கேட்டு வாங்குங்கள். இன்ஜினை மூடுவதற்கு முன் பின்னின் இரு முனைகளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூடிவிட்டால் வெல்டிங் கண்ணுக்குத் தெரியாது.

பணத்தைத் திருப்பித் தர அந்தப் பட்டறை மறுத்துவிட்டது. ரசீதையும் படங்களையும் வைத்து நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன்.