இ-கோர்ட்ஸ் செயலி: நிறைவேற்று மனு போட்டவர்களுக்கு எவ்வளவு உதவும்?

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்குத் தேதி கேட்பதற்காக மட்டும் பஸ் ஏறுபவர்களுக்கு இந்த இலவசச் செயலி பெரிய உதவி. ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தாவும், அது எதற்கு என்பதும் வரும். அசல் வழக்கின் எண்ணைப் போடாதீர்கள். தீர்ப்பை நடைமுறைப்படுத்தக் கோரும் நிறைவேற்று மனுவுக்குத் தனி எண் உண்டு.

ஆனால் தேதி தெரிவதால் தீர்ப்பு நிறைவேறிவிடாது. பேட்டா (நோட்டீஸ் அனுப்பும் கட்டணம்) கட்டாவிட்டால் நோட்டீஸ் போகாது, மனுவே தள்ளுபடியாகலாம். சொத்து விவரத்தில் சர்வே எண்ணோ நான்கெல்லையோ பிசகினால் நீதிமன்ற ஊழியரான அமீனா ஜப்தி செய்யாமல் திரும்புவார். 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. சொத்து இப்போது எந்த நீதிமன்ற எல்லையில் வருகிறது என்று முதலில் பாருங்கள். வேறு எல்லை என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 39-இன்படி டிக்ரியை (தீர்ப்பாணையை) அங்கே மாற்ற வேண்டும்.

செயலியின் பெரிய குறை, நிறைவேற்று மனு போடுவதற்கான காலக்கெடுவை அது நினைவூட்டாது. பணம், சுவாதீன டிக்ரிகளுக்கு 12 ஆண்டு. ஒன்றைச் செய்யச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளைக்கு 3 ஆண்டுதான். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். நிறைவேற்று மனுவை ஆறு மாதத்தில் முடிக்க உச்ச நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. வாய்தா இழுத்தால் அதை வக்கீல் மூலம் சுட்டிக்காட்டுங்கள்.