‘டிஸ்க் போய்விட்டது’ என்று கடைக்காரர் சொன்னால், பணம் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

நான் மும்பையில், சயானில் வசிக்கிறேன். தாராவியிலும் மாட்டுங்காவிலும் சிறுதொழில் செய்யும் நம் மக்களுக்கு வருமான வரி, ஜிஎஸ்டி கணக்குகளை எழுதிக் கொடுப்பது என் தொழில். கடந்த ஜூலை மாதக் கடைசியில், கணக்குத் தாக்கல் செய்யும் நெருக்கடியின் நடுவே, என் மடிக்கணினியின் சி டிரைவ் சிவப்புக் கோட்டைத் தொட்டது. 256 ஜிபி டிஸ்க் அது. விண்டோஸ் கணக்கில் 238 ஜிபி என்று காட்டும். அதில் 235 ஜிபி நிரம்பிவிட்டதாகக் காட்டிய கணினி, கண்ணுக்குத் தெரிந்த எல்லாக் கோப்புறைகளையும் சேர்த்துக் கூட்டியபோது 121 ஜிபிக்கு மேல் காட்டவில்லை. மீதி 114 ஜிபி எங்கே போயிற்று என்று புரியாமல், கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி, கணினிக் கடைகள் நிறைந்த லேமிங்டன் சாலைக்குப் போனேன்.

அந்தச் சாலையில் பல ஆண்டுகளாகப் பொருள் வாங்கியிருக்கிறேன். நேர்மையான கடைகள் அங்கே நிறைய உண்டு. வழக்கமான கடை அன்று மூடியிருந்ததால் வேறொன்றில் நுழைந்தேன். பழுது பார்ப்பவர் “வாங்கண்ணா” என்று தமிழில் அழைத்ததுமே, விசாரிக்க வேண்டிய எதையும் விசாரிக்காமல் நம்பிவிட்டேன். அவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “டிஸ்க் போயிடுச்சுண்ணா, கெட்டுப்போன பகுதிதான் இடத்தைத் தின்னுது, வைரஸும் இருக்கு” என்றார். அதற்குச் சான்றாக என் பென்டிரைவைத் தம் கணினியில் செருகி, அதில் நான் உருவாக்காத ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ என்ற கோப்புறையைக் காட்டினார். பயந்துபோய்ச் சம்மதித்தேன். புதிய 512 ஜிபி டிஸ்குக்கு 6,800 ரூபாய், பழையதிலிருந்து படியெடுக்க 1,500, வைரஸ் நீக்க 900, ஆக 9,200 ரூபாய். முறையான ரசீது கேட்டதற்கு, ஒரு துண்டுச் சீட்டில் கச்சா பில் எழுதிக் கொடுத்தார். பழைய டிஸ்க் ‘எக்ஸ்சேஞ்சில்’ போய்விட்டது என்று சொல்லித் திருப்பித் தரவில்லை.

ஐந்து வாரம் கழித்துப் பார்த்தால், 476 ஜிபி காட்டும் புதிய டிஸ்கில் 305 ஜிபி நிரம்பியிருந்தது. இடையில் நான் சேர்த்த கோப்புகள் 3 ஜிபிகூட இராது. அந்த வாரம் ஊரிலிருந்து வந்திருந்த என் தங்கை மகள், கணினித்துறையில் படிப்பவள், கடைக்காரர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மாமா, அவர் வைரஸ்னு காட்டினது விண்டோஸ் தானே உருவாக்கிக்கிற ஃபோல்டர். பென்டிரைவைச் செருகினா அதிலயும் வந்து உட்காரும்” என்றாள். அவள் சொன்னதைக் கேட்டபோது, பணம் போனதைவிட, யாரிடமும் கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்ததுதான் என்னை அதிகமாக வருத்தியது.

அவள் எனக்கு விளக்கிக் காட்டியதை அப்படியே எழுதுகிறேன். கணினி பழுதானால் முந்தைய நிலைக்குத் திரும்புவதற்காக விண்டோஸ் அவ்வப்போது எடுத்து வைக்கும் மீட்புப் புள்ளிகளும், டிரைவின் நிழல் நகல்களும் (குறிப்பிட்ட ஒரு நேரத்தில் டிரைவ் இருந்த நிலையின் பதிவுகள்) அந்தக் கோப்புறைக்குள்தான் சேர்கின்றன. அது மறைத்து வைக்கப்பட்டிருப்பதோடு, நிர்வாகி உரிமையுள்ள பயனருக்கே திறக்க அனுமதி இல்லாததால், வழக்கமான முறையில் கூட்டிப் பார்க்கும்போது அதன் அளவு கணக்கில் வருவதில்லை. சாதாரணமாக இதற்கு ஓர் உச்சவரம்பு இருக்கும். பழையவை தாமாக அழிந்து புதியவைக்கு இடம் விடும். என் கணினியிலோ, எப்போதோ நிறுவிய ஒரு காப்புநகல் மென்பொருளால் போலும், அந்த வரம்பு நீங்கியிருந்தது. டிஸ்கை உள்ளது உள்ளபடியே படியெடுத்ததால், வரம்பில்லாத அந்த அமைப்பும் புதிய டிஸ்குக்குக் குடிபெயர்ந்து, பழைய வேகத்திலேயே இடத்தை விழுங்கத் தொடங்கியிருந்தது.

இதை நீங்களே பார்க்கலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ், அங்கே ‘சிஸ்டம் அண்டு ரிசர்வ்டு’ என்ற பிரிவைத் திறந்தால், ‘சிஸ்டம் ரெஸ்டோர்’, அதாவது அந்த மீட்புப் புள்ளிகள், எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று தெரியும். என் கணினியில் 168 ஜிபி. பிறகு ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி ‘கிரியேட் எ ரெஸ்டோர் பாயின்ட்’ என்று தட்டச்சு செய்து, வரும் பெட்டியில் சி டிரைவைத் தேர்ந்து, ‘கான்ஃபிகர்’ என்பதை அழுத்தினால், ‘மேக்ஸ் யூசேஜ்’ என்ற நகர்த்துகோல் இருக்கும். அதை 4 விழுக்காட்டில், அதாவது ஏறக்குறைய 19 ஜிபியில் நிறுத்தினோம். சுமார் 150 ஜிபி இடம் திரும்பக் கிடைத்தது. ஒரு பைசா செலவில்லை. வரம்பைக் குறைத்தால் பழைய மீட்புப் புள்ளிகள் அழியும். உங்கள் ஆவணங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் கோப்பின் பழைய வடிவம் எதையேனும் மீட்க வேண்டியிருந்தால், அதை முதலில் செய்துவிட்டு இதற்கு வாருங்கள். அனுமதியை வலிந்து மாற்றி அந்தக் கோப்புறைக்குள் நுழைந்து கையால் அழிக்க மட்டும் முயல வேண்டாம்.

கையால் அழிப்பதன் விளைவையும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ‘வைரஸ் நீக்கம்’ என்ற பெயரில் அந்தக் கடைக்காரர், விண்டோஸ் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ‘இன்ஸ்டாலர்’ கோப்புறையைக் காலி செய்திருக்கிறார். நிறுவிய மென்பொருளைப் புதுப்பிக்கவும், சரிசெய்யவும், நீக்கவும் தேவையான கோப்புகள் இருக்கும் இடம் அது. என் கணக்கு மென்பொருள் இப்போது புதுப்பிக்கும்போதெல்லாம் இல்லாத கோப்பைக் கேட்டு நின்றுவிடுகிறது. விண்டோஸை முழுவதுமாக மறுபடி நிறுவுவதைத் தவிர வேறு வழி இருப்பதாகத் தோன்றவில்லை. விண்டோஸ் தன் சொந்தக் கோப்புகளை வைத்திருக்கும் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ என்ற கோப்புறையும் பெரிதாகத் தெரிந்து, அழித்துவிடலாம் என்று ஆளை மயக்கும். அதிலுள்ள கோப்புகளில் பல, விண்டோஸின் பிற பகுதிகளிலும் இருப்பவையாகவே கணக்கில் வருவதால், காட்டும் அளவு உண்மை அளவைவிட அதிகம். அதைக் குறைக்க வேண்டுமானால் விண்டோஸிலேயே ‘டிஸ்க் கிளீனப்’ என்ற கருவி இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறங்கவிடாமல் செய்வது அந்தப் பழைய டிஸ்க்தான். நாற்பதுக்கும் மேற்பட்டவர்களின் பான் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு விவரங்கள் அதில் இருக்கின்றன. என்னை நம்பிக் கொடுத்த ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நடந்ததைச் சொல்லி வருகிறேன். டிஸ்க் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தாலும் அதைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

ரசீது தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை என்பதும், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை என்பதும், இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும் என்பதும் எனக்கு இப்போதுதான் தெரிந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அதன் பிறகு கடையிலிருந்து தொலைபேசி வந்தது: புகாரைத் திரும்பப் பெற்றால் 2,000 ரூபாய் தருவார்களாம். முதலில் என் டிஸ்கைக் கொடுங்கள், பணத்தைப் பிறகு பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.