வேலூர்ல புள்ளைங்களுக்கு சைக்கிள் வாங்கப் போறவங்க தயவுசெஞ்சு இத படிச்சிட்டு போங்க

வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி, அந்தப் பக்கம் ராணிப்பேட்டை ஆற்காடு வரைக்கும் யாராவது புள்ளைங்களுக்கு சைக்கிள் வாங்கலாம்னு இருந்தீங்கன்னா, கடைக்கு கிளம்பறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ முழுசா படிச்சிடுங்க. கடை பேரு போடல, கம்ப்ளைன்ட் போயிட்டு இருக்கு, அது முடியட்டும். பேர விட அவங்க என்ன என்ன பண்ணாங்கன்றது தான் உங்களுக்கு உதவும், ஏன்னா எங்க தெருவுலயே வேற வேற கடைல வாங்கின ரெண்டு மூணு வீட்டுல இதே கதைய சொல்றாங்க.

எங்க பாப்பாவுக்கு அஞ்சு வயசு. உயரம் 106 சென்டிமீட்டர், எடை 17 கிலோ. கடைல போய் இறங்கினதுமே நான் கேட்டது 16 இன்ச் சைக்கிள் தான். கடைக்காரர் பாப்பாவ மேலயும் கீழயும் பாத்துட்டு "வளர்ற புள்ளமா, 16 வாங்கினா அடுத்த வருஷம் தூக்கி போட்டுடுவீங்க, 20 எடுத்துக்கங்க, அஞ்சு வருஷம் ஓடும்"னு சொன்னாரு. 16 காட்டுங்கண்ணானு திரும்ப கேட்டேன், அதுல ஸ்டாக் இல்ல, வந்தாலும் இந்த கலர் வராது, இதுல ஷாக் அப்சார்பர் இருக்கு, கூடை இருக்கு, சப்போர்ட் வீல் ஃப்ரீயா போட்டு தரோம், சீட்ட நல்லா இறக்கி விட்டுடறேன், கால் எட்டும்னு பேசிட்டே அந்த பையன கூப்ட்டு வண்டிய வெளிய எடுக்க சொல்லிட்டாரு. கால் எட்டவே இல்ல. பெடலுக்கு எட்டுச்சி, தரைக்கு எட்டல. அது தான் இங்க விஷயமே.

சைக்கிள் சைஸ்னு 12, 14, 16, 20, 24னு சொல்றாங்களே அது வீலோட அளவு. அத வயசோட மட்டும் வெச்சு பாத்தா தப்பாயிடும், அஞ்சு வயசுல 100 சென்டிமீட்டர் இருக்கற புள்ளையும் உண்டு, 115 இருக்கற புள்ளையும் உண்டு. பாக்க வேண்டியது காலோட உள் அளவு. புள்ளைய செருப்பில்லாம சுவத்துல சாஞ்சு நிக்க வெச்சு, ரெண்டு காலுக்கு நடுவுல ஒரு நோட்டு புத்தகத்த மேல வரைக்கும் நிமித்தி வெச்சு, தரைலருந்து அந்த புத்தகத்தோட மேல் விளிம்பு வரைக்கும் டேப்ல அளக்கணும். எங்க பாப்பாவுக்கு 46 சென்டிமீட்டர். புதுசா ஓட்ட கத்துக்கற புள்ளைக்கு சீட்ட முழுசா இறக்கினா அதோட உயரம் இந்த அளவுக்குள்ள இருக்கணும், அப்ப தான் ரெண்டு பாதமும் தரைல பதியும், பயந்தா உடனே கால ஊணிக்கும். அவங்க தலைல கட்டின வண்டில சீட்ட எவ்ளோ இறக்கினாலும் 58க்கு கீழ வராது. கிட்டத்தட்ட அரை அடி அந்தரத்துல உக்காந்து ஓட்டணும் ஒரு அஞ்சு வயசு கொழந்த.

வெயிட்டு இன்னொரு கொடுமை. வீட்டுக்கு வந்தப்பறம் பழைய பேப்பர் கடை தராசுல வெச்சு பாத்தோம், கூடை, கேரியர், சப்போர்ட் வீல் எல்லாம் சேத்து 14 கிலோ. புள்ள 17 கிலோ. அம்பது கிலோ ஆளு நாப்பது கிலோ சைக்கிள ஓட்டற கணக்கு இது. அந்த ஷாக் அப்சார்பரும் சும்மா வெயிட்டு தான், 17 கிலோ புள்ள ஏறி உக்காந்தா அந்த ஸ்ப்ரிங் துளி கூட அமுங்கல, நான் கையால ஊணி அழுத்தினப்ப தான் அசைஞ்சது. சின்ன புள்ள சைக்கிள்ல ஷாக் அப்சார்பர், கியர் இதெல்லாம் காட்டி காசு ஏத்தினா வேணாம்னு சொல்லிடுங்க.

இப்ப நடந்தத சொல்றேன். எங்க தெரு மலை பக்கம், லேசா சரிவு. அவங்கப்பா பக்கத்துலயே தான் ஓடினாரு. சரிவுல வண்டி கொஞ்சம் வேகம் எடுத்ததும் பாப்பா பிரேக் புடிக்க பாத்தா, விரல் லிவர சுத்தி போகவே இல்ல, லிவர் அவ்ளோ தூரத்துல இருக்கு, புடிச்சாலும் பெரியவங்க கைக்கே கெட்டியா இருந்துச்சி. அதே நேரம் இடது பெடல் கழண்டு விழுந்துடுச்சி. ஹேண்டில் ஒரு பக்கமா திரும்பி காம்பவுண்ட் சுவத்துல இடிச்சி விழுந்தா. தாடைல மூணு தையல், முன் பல்லு ஒண்ணு ஆடுது, பால் பல்லுன்றதால டாக்டர் பயப்பட வேணாம்னாரு. தலைல போட்டிருந்த ஹெல்மெட்டு ரெண்டா பொளந்துடுச்சி, அதுக்கு தனியா வரேன். அன்னிக்கு ராத்திரி பூரா வாந்தி வருதா, மயக்கமா இருக்காளான்னு பாத்துட்டே உக்காந்திருந்தோம். வேற எந்த வீட்டுலயும் யாரும் இப்படி உக்காரக்கூடாதுன்னு தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

மறுநாள் அந்த சைக்கிள கொசப்பேட்டைல ரொம்ப வருஷமா ரிப்பேர் பாக்கற ஒரு பெரியவர்கிட்ட கொண்டு போனோம். அவர் தூரத்துல பாத்ததுமே "இன்னாமா இது, போர்க்க திருப்பி மாட்டிகீறானுங்க"ன்னாரு. ஃபோர்க்னா முன் வீல ரெண்டு பக்கமும் புடிச்சிட்டு இருக்கற கம்பி. சைக்கிளு கம்பெனிலருந்து அட்டைப்பெட்டில பாதி கழட்டி தான் வரும், ஹேண்டில் திருப்பி கட்டியிருக்கும், கடைல இருக்கற பையன் அவசரத்துல அப்படியே டைட் வெச்சா ஃபோர்க் பின்னாடி பாத்தா மாதிரி நின்னுடும். எப்படி கண்டுபுடிக்கறதுன்னா, ஃபோர்க்கோட கீழ் வளைவு முன்னாடி போகணும், முன் பிரேக் ஃபோர்க்குக்கு முன்பக்கம் இருக்கணும். எங்க வண்டில ரெண்டும் பின்பக்கம் இருந்துச்சி. அப்படி இருந்தா முன் வீலு பெடலுக்கு கிட்ட வந்துடும், ஹேண்டில் திருப்பும்போது கால் விரல் வீல்ல இடிக்கும். பாப்பா "கால் இடிக்குதுமா"ன்னு முதல் நாளே சொன்னா, கடைக்கு போன் பண்ணி கேட்டா "பழகிடும்மா"ன்னாங்க. ஒரு கடைக்காரன் வாயிலருந்து வரக்கூடிய பதிலா இது.

பெடல் விஷயமும் அவர் தான் சொன்னாரு. எல்லா சைக்கிள்லயும் இடது பக்க பெடலுக்கு மறை எதிர்ப்பக்கம் போகும், வலது பெடல் மாதிரி டைட் வெச்சா ஏறாது. பெடல் தண்டு முனைல எல், ஆர்னு எழுத்தே போட்டிருக்கும். எங்க வண்டில ஆர் போட்ட பெடல இடது பக்கம் வெச்சு ஸ்பேனர்ல முறுக்கி ஏத்தியிருக்காங்க, மறை தேஞ்சு போச்சு, "ரெண்டு நாளு தாங்கனதே பெருசுமா, இது இனிமே நிக்காது, கிராங்கயே மாத்தணும்"ன்னாரு, கிராங்க்ன்றது பெடல் மாட்டற அந்த இரும்பு கை. பின் வீல் நட்டு கையாலயே சுத்துற அளவுக்கு லூசா இருந்துச்சி. சப்போர்ட் வீல் ரெண்டும் தரைய நல்லா அழுத்திட்டு இருந்துச்சி, அது லேசா மேல தூக்கி இருக்கணுமாம், இல்லன்னா பின் வீலுக்கு புடிமானம் போய் பின் பிரேக் புடிச்சும் வேலைக்கு ஆகாது. செயினுக்கு முழு கவர் இல்ல, பாதி தகடு தான்.

பொண்ணு வெச்சிருக்கறவங்க அந்த செயின் கவர மட்டும் விட்டுடாதீங்க. நம்ம வீட்டுல கொலுசு போடாத பொண்ணு ஏது, பாவாடையும் கட்டுவாங்க, ரெண்டும் செயின்ல மாட்டினா கால இழுத்துட்டு போயிடும். சைக்கிள் ஓட்டற நேரத்துக்கு கொலுச கழட்டி வெச்சுட்டு, முழங்கால் வரைக்கும் பேன்ட் போட்டு, ரப்பர் செருப்பு இல்லாம கால மூடற ஷூ, அதுவும் லேஸ் இல்லாம ஒட்டிக்கற மாதிரி போட்டு அனுப்புங்க.

ஹெல்மெட்டுக்கு வரேன், எனக்கு ஆறவே ஆறாதது இது தான். சைக்கிளோட முழங்கால் பேட், முழங்கை பேட், ஹெல்மெட்டு எல்லாம் ஒரு கிட்டா 900 ரூபாய்னு குடுத்தாங்க. ஹெல்மெட்டுல ஐஎஸ்ஐ ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சி, "இது ஐஎஸ்ஐமா, ஸ்கூட்டில பின்னாடி உக்கார வெச்சா கூட இதயே போடலாம்"னு வேற சொன்னாங்க. பொளந்த ஹெல்மெட்ட உள்ள பாத்தா வெறும் பிளாஸ்டிக் ஓடு, அதுல அங்கங்க பஞ்சு ஸ்பாஞ்சு துண்டு ஒட்டியிருக்கு. நல்ல சைக்கிள் ஹெல்மெட்டுக்கு உள்ள தெர்மாகோல் மாதிரி கெட்டியான இபிஎஸ் நுரை தலை முழுக்க தடிமனா இருக்கும், அடி பட்டா அது நசுங்கி அடிய வாங்கிக்கும். ஸ்பாஞ்சு தலைக்கு சுகமா இருக்கறதுக்கு தான், அடிய தாங்காது. கடைல ஹெல்மெட்ட ரெண்டு பக்கமும் உள்ளங்கைல வெச்சு அமுக்கி பாருங்க, வளைஞ்சு குடுத்தா கீழ வெச்சுடுங்க.

உண்மையான ஐஎஸ்ஐ முத்திரைனா மேல ஐஎஸ் நம்பர் இருக்கும், கீழ சிஎம்/எல்னு ஆரம்பிக்கற லைசென்ஸ் நம்பர் இருக்கும். அத பிஐஎஸ் கேர்னு ஒரு கவர்மென்ட் ஆப் இருக்கு, அதுல அடிச்சு பாத்தா எந்த கம்பெனி, எந்த பொருளுக்கு வாங்கின லைசென்ஸ்னு காட்டிடும். எங்க ஸ்டிக்கர்ல ஐஎஸ் 4151னு மட்டும் இருந்துச்சி, லைசென்ஸ் நம்பரே இல்ல. 4151ன்றது பைக், ஸ்கூட்டர் ஓட்டறவங்க போடற ஹெல்மெட்டுக்கான நம்பர். ஓட்டை ஓட்டையா காத்து போற சைக்கிள் ஹெல்மெட்டுல அது ஒட்டியிருந்தாலே சந்தேகப்படணும். சைக்கிள் ஹெல்மெட்டுல உள்பக்க லேபிள்ல ஐரோப்பா தரம் இஎன் 1078, இல்லன்னா அமெரிக்கா தரம் சிபிஎஸ்சினு இருக்கான்னு பாருங்க. ஸ்கூட்டில கூட்டிட்டு போறது வேற, நாலு வயசு தாண்டினா சட்டப்படி டூவீலர்ல ஹெல்மெட் கட்டாயம், அது 4151 போட்ட நிஜ ஹெல்மெட்டா இருக்கணும்.

சைஸும் முக்கியம். புருவத்துக்கு மேல சுத்தி டேப் வெச்சு தலைய அளந்துட்டு போங்க, பாப்பாவுக்கு 50 சென்டிமீட்டர். போட்டதும் புருவத்துக்கு மேல ரெண்டு விரல் இடம் தான் இருக்கணும், நெத்தி பூரா தெரியற மாதிரி பின்னாடி போகக்கூடாது, வார் காதுக்கு கீழ ஒண்ணு சேரணும், தாடைக்கும் வாருக்கும் நடுவுல ஒரு விரல் போற அளவு. காத்து ஓட்டை நெறைய இருக்கறதா எடுங்க, நம்மூரு வெயில்ல மூடின ஹெல்மெட்ட எந்த புள்ளையும் அஞ்சு நிமிஷம் தலைல வெச்சிக்காது. பார்க்ல சறுக்கு மரம், ஊஞ்சல் ஏறும்போது மட்டும் மறக்காம கழட்டி விட்டுடுங்க, வார் எங்கயாவது மாட்டினா கழுத்த இறுக்கிடும்.

பில்லு. சைக்கிள் 6800, கிட்டு 900, பில் கேட்டா "பில் போட்டா 12 பர்சென்ட் ஜிஎஸ்டி தனியா வரும்மா"ன்னாங்க. எம்ஆர்பின்றது எல்லா வரியும் சேந்தது, அதுக்கு மேல வரின்னு ஒரு ரூபா கேக்கக்கூடாது. அதோட சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22லருந்து 12லருந்து 5 ஆயிடுச்சி, அவங்க இன்னும் 12 சொல்லிட்டு இருக்காங்க. நான் ஜிபேல கட்டினதால காசு போனதுக்கு ஆதாரம் இருக்கு. ஒரு துண்டு சீட்டுல எஸ்டிமேட்னு எழுதி, "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது"ன்னு சீல் குத்தி குடுத்தாங்க. வண்டிய திரும்ப கொண்டு போய் நிறுத்தினப்ப அந்த சீல தான் காட்டினாங்க, ஓனர் முகம் குடுத்து பேசவே இல்ல, புள்ளைக்கு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல, வேணும்னா 16 இன்ச் தரேன், 1500 மேல போடுங்கன்னாரு. ஸ்டாக் இல்லன்னு சொன்ன 16 இன்ச் அங்கயே மூணு தொங்கிட்டு இருந்துச்சி.

அந்த சீலுக்கெல்லாம் பயப்படாதீங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி பில் குடுக்காம இருக்கறதே முறையில்லாத வியாபாரம், குறை உள்ள பொருள பில்லுல போட்டிருக்கற காலத்துக்குள்ள, அப்படி எதுவும் போடலன்னா 30 நாளுக்குள்ள, திருப்பி வாங்க மாட்டேன்றதும் அதே தான். 1915ன்ற தேசிய நுகர்வோர் உதவி நம்பருக்கு போன் பண்ணி கம்ப்ளைன்ட் பதிவு பண்ணலாம், காசு இல்ல. அதுல சரி வரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு போடலாம், பொருளுக்கு குடுத்த காசு அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கிடையாது, வக்கீல் வெச்சே ஆகணும்னும் இல்ல, நடந்ததுலருந்து ரெண்டு வருஷம் வரைக்கும் டைம் இருக்கு. நாங்க 1915ல போட்டாச்சு, நம்பர் வந்துடுச்சி. அதுக்கப்பறம் தான் ஓனர் அவரா போன் பண்ணி 1500 வேணாம்மா, 16 சும்மாவே மாத்தி தரேன்றாரு. அவர் மாட்டி குடுக்கற சைக்கிள்ல என் புள்ளைய ஏத்த மாட்டேன், முழு காசும் ஆஸ்பத்திரி செலவும் தான் வேணும்னு சொல்லிட்டேன்.

பாப்பா இப்ப ஓட்டறது அவங்கப்பா கூட வேலை செய்றவங்க வீட்டுல அவங்க பையனுக்கு பத்தாம போன 16 இன்ச். பெரியவர் பெடல் ரெண்டையும் கழட்டி, சீட்ட இறக்கி, பிரேக் லிவர்ல இருக்கற சின்ன ஸ்க்ரூவ திருகி விரலுக்கு கிட்ட கொண்டு வந்து குடுத்தாரு. கால தள்ளி தள்ளி ஓட்டி பேலன்ஸ் வந்தப்பறம் பெடல் மாட்டிக்கலாம், சப்போர்ட் வீலே வேணாம்ன்றாரு. முதல்ல ஏறவே பயந்தா, கால் ரெண்டும் தரைல பதியறதால இப்ப பரவால்ல.

இதே மாதிரி ஏதாவது ஆயிருந்தா வண்டிய உடனே ரிப்பேர் பண்ணிடாதீங்க, உடைஞ்சது உடைஞ்ச மாதிரியே போட்டோ, வீடியோ எடுத்து வெச்சிட்டு, ஆஸ்பத்திரி சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் ஒண்ணா சேத்து வைங்க. பில் இல்லன்னு விட்டுடாதீங்க, காசு அனுப்பின மெசேஜே போதும் ஆரம்பிக்க. கம்ப்ளைன்ட் எழுத தெரியலன்னா கேளுங்க, நான் தமிழ்ல எழுதி குடுத்தத அப்படியே அனுப்பறேன், தேதியும் தொகையும் மட்டும் மாத்திக்கங்க.