மொடல் ரயில் எஞ்சினில் சத்தம் போனால்: ஸ்பீக்கரை மாற்றுவதா, டிகோடரை மாற்றுவதா?

எஞ்சின் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டிசிசி முறையில் ஓட்டுபவர்கள் பலருக்கும் பழகிய கோளாறுதான். அந்தக் கட்டளையை வாங்கி எஞ்சினை இயக்கும் சின்னச் சுற்றுப்பலகைதான் டிகோடர். அதில் மோட்டாரை ஓட்டும் பகுதி வேறு, ஸ்பீக்கருக்குச் சத்தம் கொடுக்கும் அம்ப்ளிஃபயர் வேறு. அதனால் ஒன்று செத்தாலும் மற்றது தன்பாட்டில் ஓடும். ஸ்பீக்கரை மட்டும் மாற்றலாம், டிகோடரையே மாற்றலாம், அல்லது வாங்கிய இடத்துக்குத் திருப்பி அனுப்பலாம். என்னுடைய ஹெச்ஓ அளவு (1:87) ஜீபி-9 என்ற அமெரிக்க டீசல் மொடலுக்கு ஸ்பீக்கரைத்தான் மாற்றினேன். கொழும்பில் இருக்கும் யார் கேட்டாலும் முதலில் அதையே சொல்வேன்.

மூடியைக் கழற்றுமுன் செட்டிங்கைப் பாருங்கள். கட்டுப்பாட்டுக் கருவியில் சத்தத்தை நிறுத்தும் எஃப்8 பொத்தான் அழுத்துப்பட்டுச் சத்தம் நின்றிருக்கலாம். மொத்தச் சத்த அளவை வைக்கும் சிவி (டிகோடரின் செட்டிங் இலக்கம்) லொக்சவுண்ட் வகை டிகோடரில் 63, சுனாமி2 வகையில் 128. கடைசியாக, சிவி 8க்கு 8 கொடுத்தால் எல்லாம் பழையபடி ஆகும். எஞ்சின் இலக்கமும் 3க்குத் திரும்பிவிடும்.

அதற்கும் மசியாவிட்டால் மின்சாரத்தை நிறுத்தி, ஸ்பீக்கரின் ஒரு வயரைக் கழற்றி மல்டிமீட்டர் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் நன்றாக இருந்தால் 7, 8க்குக் கிட்டக் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது. அளவு சரியாக இருந்து, நல்ல ஸ்பீக்கர் ஒன்றைப் பொருத்தியும் சத்தம் வராவிட்டால்தான் அம்ப்ளிஃபயர் போய்விட்டதென்று முடிவெடுக்கலாம்.

இனி எது நல்லது என்பதை என்னளவில் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: அடுத்த முறை பழுதானால் இங்கேயே திருத்த முடியுமா? வெள்ளவத்தை, தெஹிவளை போன்ற கரையோர வீடுகளில் உப்புக்காற்று செம்பு வயரின் நுனியில் பச்சை பிடிக்க வைக்கிறது. ஸ்பீக்கரின் மெல்லிய சுருளும் பற்றவைத்த இடங்களும் அதற்குத் தப்புவதில்லை. ஆகவே இன்று மாற்றும் ஸ்பீக்கரை ஒருநாள் மறுபடியும் மாற்ற வேண்டிவரும் என்று வைத்துக்கொள்வதே நல்லது. கைத்தொலைபேசிக்கு வரும் சின்ன 8 ஓம் ஸ்பீக்கர்களே இந்த வேலைக்குப் போதும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருப் பக்கம் உதிரிப்பாகக் கடைகளில் தேடிப் பார்க்கலாம். மொடல்காரர்கள் 'சுகர் கியூப்' என்று சொல்லும் 11க்கு 15 மில்லிமீற்றர் ஸ்பீக்கரும் அந்த இனந்தான். பின்பக்கம் காற்றுப்புகாத பெட்டி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் முன்பக்கச் சத்தத்தைப் பின்பக்கச் சத்தம் தின்றுவிடும். புது ஸ்பீக்கரும் ஈனசுரத்தில் முனகும். பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டினாலே பெட்டி தயார்.

ஸ்பீக்கரை மாற்றும்போது டிகோடரில் உள்ள சத்தம் அப்படியே இருக்கும். எனக்கு இது பெரிய காரியம். நிஜ ஜீபி-9இல் இருப்பது இஎம்டி கம்பனியின் 567 டீசல் எஞ்சின். 1954இல் கனடாவிலிருந்து வந்த 'அல்பேர்ட்டா' முதலான எங்கள் இலங்கை ரயில்வேயின் எம்2 எஞ்சின்களிலும் அதே 567 இனம்தான், 12 சிலிண்டரோடு. கோட்டை நிலையத்தில் நின்று கேட்ட அந்த உறுமலுக்காகத்தான் இந்த எஞ்சினையே வாங்கினேன்.

டிகோடரை மாற்றுவதென்றால் வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டும், சுங்கத்தைத் தாண்ட வேண்டும். 8 பின்னா, 21 பின்னா, பிளக்ஸ்22ஆ என்று சொக்கெட் பார்த்து எடுக்க வேண்டும். வெற்று லொக்சவுண்ட் என்றால் சத்தம் ஏற்ற லொக்புரோகிராமர் என்ற கருவியும் தேவை. சுனாமி2இன் இஎம்டி வகையில் 567 சத்தம் உள்ளேயே இருப்பதால் அந்தக் கஷ்டம் இல்லை. அம்ப்ளிஃபயர் செத்திருந்தால் இதைத் தவிர வேறு வழியும் இல்லை.

திருப்பி அனுப்புவது உத்தரவாதக் காலம் மிச்சமிருந்தால் மட்டும் யோசிக்க வேண்டியது. போகவர தபால் செலவைக் கணக்குப் பார்த்து, பழைய எஞ்சினுக்கு நான் அதை விட்டுவிட்டேன்.

இதெல்லாம் டீசல் எஞ்சின் அனுபவம். நீராவி எஞ்சினில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. பலவற்றில் ஸ்பீக்கர் டெண்டரில், அதாவது எஞ்சினுக்குப் பின்னால் வரும் நிலக்கரிப் பெட்டியில், இருப்பதால் இடையில் ஓடும் வயரை முதலில் சந்தேகிப்பேன். ஹெச்ஓவைவிடச் சிறிய 'N' அளவு எஞ்சினை நான் திறந்ததே இல்லை.

வாங்குமுன் டிகோடரின் வகையைப் பாருங்கள். லொக்சவுண்ட் 3.5 போன்ற பழையவை 100 ஓம் ஸ்பீக்கருக்குச் செய்தவை. அவற்றில் 8 ஓம் மாட்டினால் நன்றாக இருந்த அம்ப்ளிஃபயரும் கருகிப்போகும்.