தலை திரும்பாத குழந்தையை வெளியிலிருந்து திருப்பும் சிகிச்சை: ஒரு மருத்துவமனைச் சேவையின் மதிப்பீடு

நிறைமாதத்தை நெருங்கும் வேளையில் எடுக்கும் ஸ்கேனில் குழந்தையின் தலை மேலேயும் பிட்டம் கீழேயும் இருப்பது தெரிந்தால், பல மருத்துவமனைகளில் உடனே சிசேரியனுக்கு நாள் குறித்துவிடுவார்கள். மதுரையில் நான் பிரசவத்துக்குப் பதிவு செய்திருந்த தனியார் மருத்துவமனையிலோ, வயிற்றின் மேல் கைகளை வைத்து அழுத்திக் குழந்தையின் தலையைக் கீழே கொண்டுவரும் 'இ.சி.வி.' என்ற சிகிச்சையையும் செய்து பார்க்கலாம் என்றார்கள். எனக்குக் குழந்தை திரும்பவில்லை. இறுதியில் சிசேரியன்தான் நடந்தது. இருந்தும் அந்தச் சேவையை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

நிறைமாதத்தில் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு குழந்தைகள் இப்படிப் பிட்டம் கீழாக இருக்கின்றன. பிட்டம் முதலில் வெளிவரும் சுகப்பிரசவத்தைவிடத் திட்டமிட்ட சிசேரியன் குழந்தைக்குப் பாதுகாப்பானது என்று, பல நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் 'லான்செட்' இதழில் வெளியானது. அதன் பிறகு அத்தகைய பிரசவங்கள் உலகெங்கும் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆகவே சிசேரியனைத் தவிர்க்க விரும்பும் பெண்ணுக்கு, குழந்தையை முன்கூட்டியே திருப்பிப் பார்ப்பதுதான் முக்கியமான வழியாக எஞ்சியிருக்கிறது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியனாக நடப்பதாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் இந்த வழி இருப்பதையே ஒரு கர்ப்பிணியிடம் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

இந்தச் சேவையில் என்னை மிகவும் கவர்ந்தது சிகிச்சைக்கு முன் நடந்த உரையாடல். மருத்துவர் அவசரமே காட்டாமல் என்னையும் என் கணவரையும் உட்காரவைத்துப் பேசினார். மொத்தத்தில் பாதிப் பேருக்குத்தான் பலன் கிடைக்கும் என்றும், ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களுக்குச் சுமார் 60 சதவீதமும் முதல் பிரசவத்துக்குச் சுமார் 40 சதவீதமும் வாய்ப்பு உண்டு என்றும் விளக்கினார். எனக்கு அது முதல் பிரசவம். நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, கருப்பையின் முன்சுவரில் ஒட்டியிருந்தது. குழந்தையோ கால்களை நீட்டி முகத்தருகே வைத்திருந்தது. இவை மூன்றும் திருப்புவதைக் கடினமாக்கும் என்பதை மறைக்காமல் சொன்னார். சுமார் 200 பேரில் ஒருவருக்கு உடனடியாக அறுவை சிகிச்சை செய்ய நேரிடலாம் என்பதையும், அதற்காகவே ஆபரேஷன் தியேட்டருக்கு அருகிலேயே இதைச் செய்கிறார்கள் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். நஞ்சு கருப்பை வாயை மறைத்திருந்தாலோ, இரட்டைக் குழந்தைகளாக இருந்தாலோ, பனிக்குடம் உடைந்திருந்தாலோ, அண்மையில் இரத்தப்போக்கு இருந்திருந்தாலோ இதைச் செய்வதில்லை.

சிகிச்சை நாளில் முதலில் ஸ்கேன் எடுத்துக் குழந்தை அதே நிலையில் இருப்பதை உறுதி செய்தார்கள். பிறகு வயிற்றில் பட்டை கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்தார்கள். கருப்பையைத் தளர்த்துவதற்காகத் தோலுக்கடியில் டெர்பியூட்டலின் ஊசி போட்டபோது நெஞ்சு படபடத்துக் கைகள் நடுங்கின. அப்படி ஆகும் என்று செவிலியர் முன்பே சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை. மருத்துவர் ஒரு கையால் பிட்டத்தை இடுப்பெலும்புக் குழியிலிருந்து மேலே தூக்கி, மறு கையால் தலையை முன்னோக்கித் தள்ளினார். வலி இருந்தது, லேசாகத்தான் இருக்கும் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் “தாங்க முடியலைன்னா சொல்லுங்கம்மா, உடனே கையை எடுத்துடுறேன்” என்றவர், நான் சொன்ன மாத்திரத்தில் எடுத்தார். அவ்வப்போது ஸ்கேனில் துடிப்பைப் பார்த்தார். ஒருமுறை அது சற்றுக் குறைந்தபோது, சீராகும்வரை வயிற்றைத் தொடவே இல்லை. இனி அழுத்துவதில் பயனில்லை என்று முடிவெடுத்து நிறுத்தியதும் அவரேதான். ஒரு மருத்துவரின் திறமையை நான் அங்கேதான் கண்டேன்.

விளக்கெண்ணெய் தடவி வயிற்றைத் திருப்பிவிடும் அனுபவசாலிகள் ஊரில் இருக்கிறார்களே என்று உறவினர்கள் கேட்டார்கள். நஞ்சு எங்கே இருக்கிறது என்று பார்க்காமலும், துடிப்பைக் கவனிக்காமலும், அவசரத்துக்குத் தியேட்டர் இல்லாமலும் வீட்டில் அப்படிச் செய்வது ஆபத்தானது.

குறைகளும் உண்டு. ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. இவ்வளவு பொறுமையாகத் தமிழில் பேசுகிறவர்கள் அதைத் தமிழிலும் அச்சிட்டுத் தர வேண்டும். சிகிச்சை நடக்கும் அறையில் உடனிருக்க ஒருவரைக்கூட அனுமதிக்கவில்லை. எவ்வளவு செலவாகும் என்பதை எழுதித் தராததால், தியேட்டர் தயார்நிலைக் கட்டணம் எங்களுக்குப் பில்லில்தான் தெரிந்தது.

இதை விசாரிக்க நினைப்பவர்கள் 36ஆம் வாரத்துக்குள் மருத்துவரிடம் பேச்சைத் தொடங்கிவிடுவது நல்லது. முதல் பிரசவமாயின் 36ஆம் வாரத்திலிருந்தும் மற்றவர்களுக்கு 37ஆம் வாரத்திலிருந்தும் பொதுவாக இதைச் செய்கிறார்கள். நெகட்டிவ் இரத்த வகை உள்ளவர்களுக்குச் சிகிச்சை முடிந்ததும், குழந்தையின் இரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்படும் என்பதால் அதன் விலையையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். வீடு திரும்பிய பின் இரத்தம் பட்டாலோ, நீர் கசிந்தாலோ, விடாமல் வயிறு வலித்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ இரவானாலும் உடனே கிளம்பி மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும்.